டிஸ்சார்ஜ் அன்று சிஸ்டர் சொன்னது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

கேள்வி: ஜூன் 7, இரவு 10.15

அப்பாவுக்குச் சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு. போன வாரம் இங்கே பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, சரியானதும் அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு ஃபைல், முழுக்க ஆங்கிலம். ஒரு நர்ஸ் வந்து கடகடவென்று ஏதோ சொன்னார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். விளக்குவது டாக்டர் வேலை என்பது என் கருத்து. நர்ஸ் ஊசி போடட்டும், டிரிப் மாற்றட்டும், பாடம் எடுக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் போனில் எல்லாம் கிடைக்கிறது. வார்டில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

ஜூன் 7, இரவு 11.50

வார்டில் வேலை பார்ப்பவள்தான். ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம், படிப்பும் வேலையும் பெங்களூரு.

கையெழுத்து விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். மற்றதில் ஒத்துப்போக மாட்டேன். ரவுண்ட்ஸில் டாக்டர் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று அங்கே இருந்த நாளெல்லாம் பார்த்திருப்பீர்கள். அவர் நிற்கும்வரை நோயாளி "சரிங்க டாக்டர்" தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் எங்கள் கையைப் பிடித்து, "சிஸ்டர், அவர் என்ன சொன்னாரு?" என்பார். தினம் நடக்கிற கதை இது. பாடம் எடுக்க வேண்டுமா என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. கேள்வி எங்களிடம்தான் வருகிறது, அவ்வளவுதான்.

ஜூன் 8, காலை 6.30

நைட் ஷிஃப்ட் முடியப் போகிறது. போனில் தேடலாம் என்றீர்களே, அதற்கு மட்டும் இப்போதே ஒரு பதில்.

இன்சுலின் எப்படிப் போடுவது என்று தேடிப் பாருங்கள். வருகிற வீடியோக்களில் பாதி அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கே ஒரு மில்லியில் 100 யூனிட். நம் ஊர் மருந்துக்கடையில் பாட்டிலில் விற்கிற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட்தான். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. கடையில் இரண்டும் கிடைக்கும். மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டால், பார்வை மங்கிய ஒருவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மிச்சத்தைத் தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

ஜூன் 8, மாலை 4.20

விவேக் நகர்ப் பக்கத்து அம்மா ஒருவர். சர்க்கரை இறங்கவே இல்லை என்று அட்மிட் ஆனார். ஓபி சீட்டுகளை வரிசையாகப் பார்த்தால் டோஸ் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. கடைசியில் காலையில் 30 யூனிட். "ஒழுங்காப் போட்டுக்கிறேன் சிஸ்டர், ஒரு நாள் விட்டதில்ல" என்கிறார். அது பொய்யில்லை.

எப்படி ஏற்றுகிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். மகன் வீட்டிலிருந்து அவருடைய டப்பாவைக் கொண்டுவந்தார். பாட்டிலை உள்ளங்கையில் உருட்டினார். ரப்பரைத் துடைத்தார். முதலில் காற்றை உள்ளே தள்ளினார், பிறகு மருந்தை இழுத்தார், குமிழியைத் தட்டி வெளியேற்றினார், முப்பதாவது கோட்டில் கச்சிதமாக நிறுத்தினார். எங்கள் மாணவிகளில் பலர் இவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டார்கள். ஆனால் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் முப்பதாவது கோடு என்றால் 0.3 மில்லி. 40 யூனிட் பாட்டிலிலிருந்து அதை எடுத்தால் உள்ளே போவது 12 யூனிட். சீட்டில் 30, உடம்பில் 12. சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டர் டோஸை ஏற்ற, அம்மாவும் விடாமல் போட்டுக்கொள்ள, மகன் டயட் சரியில்லை என்று அம்மாவைத் திட்டியிருக்கிறார்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சிரிஞ்சு தப்பு, சிவப்பு மூடி வாங்குங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினால், மறுநாள் காலை நிஜமாகவே 30 யூனிட் உள்ளே போகும். சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழுந்திருப்பார். அதனால் முதலில் டூட்டி டாக்டரிடம் சொல்லி டோஸைத் திருத்தி எழுத வைத்தேன். அதற்கு அப்புறம்தான் சிரிஞ்சு மாறியது.

இதை டாக்டர் கண்டுபிடித்திருக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் ஓபி மேஜையில் யாரும் சிரிஞ்சை எடுத்துக் காட்டுவதில்லையே.

ஜூன் 8, மாலை 5.05

சிரிஞ்சுக்குப் பதில் பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் பென் வாங்கிவிட்டால் தொல்லை இல்லையே என்று ஒருவர் கேட்கிறார். பெரும்பாலும் சரி. ஊசி தீர்ந்துவிட்டது என்று பென்னுக்குள் இருக்கும் மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்காதவரை! கார்ட்ரிட்ஜில் இருப்பது ஒரு மில்லியில் 100 யூனிட் மருந்து. சிவப்பு மூடி சிரிஞ்சில் முப்பது கோடு இழுத்தால் 75 யூனிட் போகும். இதையும் மனிதர்கள் செய்கிறார்கள்.

ஜூன் 9, இரவு 9.30

"படிக்காதவர்களுக்குத்தான் இந்தப் பிரச்சினை. ஐடியில் இருப்பவனுக்கு நர்ஸ் வந்து சொல்லத் தேவையில்லை" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்.

ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒருவர், ஆஸ்துமா. கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி முழுங்கிக்கொண்டிருந்தார். பார்த்தால் மாத்திரை மாதிரிதானே இருக்கிறது. கருவி பெட்டி பிரிக்காமல் அலமாரியில். இது அபூர்வம் என்று நினைக்காதீர்கள், மார்பு நோய் ஓபியில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

படித்தவர்களிடம் ஒரு தனிச் சிக்கல், கேட்பதற்கு வெட்கம். இத்தனை படித்துவிட்டு இது தெரியவில்லையா என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். கட்டட வேலைக்கு வந்தவர் "எனக்கு ஒண்ணும் புரியல சிஸ்டர், திரும்பச் சொல்லுங்க" என்று நேராகக் கேட்பார். எனக்கு அவருக்குச் சொல்லித்தருவதுதான் சுலபம்.

அதனால் "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். அதற்கு வருவது ஒரே பதில்தான். "வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டம்மாகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க? எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்பேன். அவர் சொல்லும்போது எங்கே வழுக்குகிறார் என்று தெரிந்துவிடும். புத்தகத்தில் இதற்கு டீச் பேக் என்று பெயர். அவரைப் பரீட்சை வைப்பது போல் கேட்கக் கூடாது. நான் ஒழுங்காகச் சொன்னேனா என்று பார்க்கிறேன் என்ற தொனியில் கேட்டால் வெட்கப்படாமல் சொல்வார்கள்.

ஜூன் 9, இரவு 9.50

ஐடி என்றதும் ஞாபகம் வந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ராத்திரி வேலை பார்க்கும் ஒரு செக்யூரிட்டி. சீட்டில் 1-0-1. காலையில் ஒன்று, இரவு ஒன்று. அவர் தூங்கி எழுவதே மாலை நான்கு மணிக்கு. சாப்பாடு நடுராத்திரியில். "எனக்குக் காலைன்னா எது சிஸ்டர்?" என்றார். நானும் டூட்டி டாக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து எங்கள் மாத்திரையை நாங்கள் எப்போது போடுகிறோம் என்று யாரும் கேட்காதவரை நல்லது.

ஜூன் 11, மதியம் 2.45

முதலில் கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். அப்பாவுக்கு எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதாம். டிஸ்சார்ஜில் கொடுத்த பிபி மாத்திரையோடு வீட்டில் இருந்த பழைய மாத்திரையும் போகிறதா என்று கேட்டிருந்தேன். போகிறது. பெயர் வேறு, நிறம் வேறு. அட்டையின் பின்புறம் பிராண்டுக்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், அதைப் படியுங்கள் என்றேன். இரண்டிலும் டெல்மிசார்ட்டன்.

சார், இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். பழைய அட்டை, புதிய அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஓபிக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

கடகடவென்று சொல்லிவிட்டுப் போன அந்த சிஸ்டரைத் திட்டுகிறவர்களுக்கு: டிஸ்சார்ஜ் நேரத்தை உள்ளே இருந்து பாருங்கள். இன்சூரன்ஸ் அப்ரூவலுக்காகக் காலையிலிருந்து காத்திருப்பார்கள். அது வந்த நிமிடமே எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள். பையைக் கட்டியாகிவிட்டது, கேப் கீழே நிற்கிறது, சில்க் போர்டு நெரிசலுக்கு முன் கிளம்ப வேண்டும். அந்தக் கட்டிலுக்கு அடுத்த நோயாளி எமர்ஜென்சியில் காத்திருக்கிறார். அந்த நேரத்தில் எட்டு மாத்திரையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. சேர்ந்த இரண்டாம் நாளிலிருந்தே, மாத்திரை கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். "இது பிபிக்கு. வீட்டில் இதே மருந்து வேறு பெயரில் இருக்கிறதா?" இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஜூன் 11, இரவு 10.10

அந்த ஒரு நிமிடம் எங்கே இருக்கிறது என்று ஒரு சிஸ்டரே கேட்டுவிட்டார். அதுவும் சரிதான். போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் கணக்கு. அப்படி ஆள் இருக்கிற வார்டில் வேலை பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். எனக்கும் பார்க்க ஆசை.

நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) நோயாளிக்குக் கற்றுக்கொடுத்ததற்கு ஒரு தாள் உண்டு. மருந்து, உணவு, உடற்பயிற்சி, அடுத்த விசிட் என்று கட்டங்கள், டிக் போட வேண்டும். ஆடிட் வருகிறது என்றால் முந்தின ராத்திரி உட்கார்ந்து எல்லா ஃபைலிலும் டிக். ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கும் என்ஏபிஎச் தரச்சான்று விதிகளில் நோயாளி உரிமைக்கும் கல்விக்கும் தனி அத்தியாயமே இருக்கிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம், அந்த அம்மாவின் கையில் எந்த சிரிஞ்சு இருக்கிறது என்று பார்ப்பது கஷ்டம். எது சுலபமோ அது நடக்கிறது. உங்களிடம் வாங்கிய கையெழுத்தும் அந்தத் தாளுக்குத்தான் சார்.

ஜூன் 13, காலை 11.20

ஒரு நிமிடம் போதும் என்று எழுதியதை யோசித்துப் பார்த்தேன். மாத்திரைக்குப் போதும். சிலவற்றுக்குப் போதாது. இதய வால்வு மாற்றியவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் கொடுப்பார்கள். "கீரை சாப்பிடக் கூடாது" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கீரையில் இருக்கும் வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் கீரை சாப்பிடுகிறவர் அதே அளவில் தொடர்ந்து சாப்பிட்டால் டோஸை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் ஒன்றுமில்லாமல் இருந்து அடுத்த வாரம் தினம் முருங்கைக்கீரை என்றால்தான் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) தாறுமாறாகும். கூடவே, மூட்டு வலி என்று கடையில் தானாக வலி மாத்திரை வாங்கக் கூடாது, பல் பிடுங்கப் போனால் முதலில் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தனையும் ஒரு நிமிடத்தில் அடங்காது.

இன்னொன்று, இதை யாரிடம் சொல்கிறோம்? கட்டிலில் இருப்பவர் சமையலறைப் பக்கம் போயே இருக்க மாட்டார். கூட நிற்கிற மகன் வேறு வீட்டில் இருக்கிறான். சமைக்கிற அம்மா ஓசூரில். சாப்பாட்டு விஷயத்தை அவரிடம் சொல்லாமல் அனுப்பினால் சொல்லியும் பிரயோஜனமில்லை. நான் மகனின் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி அம்மாவிடமே பேசுவேன். சில சமயம் அந்தப் பேச்சு மருமகளைப் பற்றிய புகாரில் போய் முடியும், அது வேறு விஷயம்.

ஜூன் 13, மதியம் 12.00

கூட இருப்பவர்களுக்குச் சொல்லித்தருவது என்றதும் நூரா ஹெல்த் என்ற அமைப்பைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், நம் ஊரில் தொடங்கியதுதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு வகுப்பு வேலைக்காக வந்து, நாராயணா மருத்துவமனை வராந்தாவில் நாள் முழுக்கக் காத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்து யோசித்தது. 2014இல் அமைப்பானது. நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், நர்ஸ்கள் குடும்பத்தாருக்கு வார்டிலேயே வகுப்பு எடுக்கிறார்கள். கர்நாடகத்தில் அரசு ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறது.

எனக்கு அதில் பிடித்தது, வராந்தாவில் இருப்பவர்களை இடைஞ்சலாக நினைக்காமல் வேலையில் கூட்டாளிகளாக நினைத்தது. காயத்தைப் பார்த்துக்கொள்ளப் போவதும் மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போவதும் அவர்கள்தானே. ஆனால் வகுப்பு எடுக்கும் அரை மணி நேரம் அந்த நர்ஸின் நோயாளிகளை யார் பார்ப்பது என்பதற்கு ஒவ்வொரு ஆஸ்பத்திரியும்தான் பதில் சொல்ல வேண்டும். அங்கே மறுபடி முந்தாநாள் எழுதிய கணக்கு வந்து நிற்கிறது.

ஜூன் 16, இரவு 11.15

"பக்க விளைவையெல்லாம் நர்ஸ் சொன்னால் நோயாளி பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்" என்று ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார். நேரிலும் இதைச் சொல்லி எங்களைத் திட்டுகிறவர்கள் உண்டு. சில இடத்தில் அவர் சொல்வது நடக்கும். ஆனால் டிபி மருந்தை உதாரணமாகப் பாருங்கள். ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் போகும். மருந்தின் நிறம் அது, ஆபத்தில்லை. முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார். ஆறு மாதம் போட வேண்டிய மருந்து. சொன்னதால் நிறுத்தியவர்களைவிடச் சொல்லாததால் நிறுத்தியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதே சமயம் கண் மஞ்சளானால், சாப்பாடு பிடிக்காமல் வாந்தி வந்தால் உடனே வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எது சும்மா நிறம், எது ஓடிவர வேண்டிய அறிகுறி என்று பிரித்துச் சொல்வதுதான் வேலையே.

ஜூன் 16, இரவு 11.40

எனக்கே பதில் தெரியாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன்.

கேன்சர் வார்டு. "அப்பாகிட்ட சொல்லாதீங்க சிஸ்டர், தாங்க மாட்டார்" என்று பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள். ஃபைலை அவர் கண்ணில் படாமல் வைப்போம். கீமோவை ஏதோ சத்து டிரிப் என்று சொல்லியிருப்பார்கள். கீமோ போன பிறகு ஒரு கட்டத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கிவிடும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். உயிர் போகிற விஷயம். சத்து டிரிப் போட்டுக்கொண்ட மனிதர் லேசான காய்ச்சலுக்கு ஏன் ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையை எழுப்பப் போகிறார்? ஒரு பாராசிட்டமால் போட்டுப் படுத்துக்கொள்வார்.

பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டுத் தெர்மாமீட்டர் வாங்க வைத்து, படிக்கக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறோம். பிள்ளை ஊரில் இல்லாத ராத்திரிக்கு என்ன செய்வது? சொல்லிவிடுங்கள் என்று குடும்பத்தை வற்புறுத்தும் அதிகாரம் எனக்கில்லை. டாக்டரிடம் சொல்லி அவரைப் பேச வைக்கலாம், சில குடும்பங்கள் கேட்டுக்கொள்ளும். அப்பாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதும், பிள்ளைகளுக்காகத் தெரியாதது போல் இருப்பதும் உண்டு.

ஜூன் 19, மாலை 6.00

மழை தொடங்கிவிட்டது, டெங்கு கேள்விகள் வரிசையாக வருகின்றன. பப்பாளி இலைச் சாறு விவாதத்துக்கு நான் வரவில்லை, நூறு பேர் அடித்துக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற சமயத்தில்தான் ஆபத்து தொடங்கும். தாங்க முடியாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது. பிளேட்லெட் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்து இவற்றைக் கோட்டை விடுகிறார்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம்.

ஜூன் 19, மாலை 6.10

ஓஆர்எஸ்ஸும் கேட்டீர்கள். பெரிய பாக்கெட் முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீரில். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவக் கூடாது. ருசிக்குச் சர்க்கரை சேர்க்கக் கூடாது.

ஜூன் 22, இரவு 8.50

எங்களிடம் எப்போது கேட்டால் நிதானமாகப் பதில் கிடைக்கும் என்பது நல்ல கேள்வி. ஷிஃப்ட் மாறும் நேரத்தை விட்டுவிடுங்கள். பல இடங்களில் காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு ஒட்டி ஹேண்டோவர் நடக்கும். அப்போது கேட்டால் கடுப்பான முகம்தான் கிடைக்கும். மத்தியான மருந்து முடிந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடுவோம், அப்போது வாருங்கள். ஊசி, இன்ஹேலர், டிரெஸ்ஸிங் எதுவானாலும் கேட்டுக்கொண்டு மட்டும் போகாதீர்கள், எங்கள் முன்னால் உங்கள் கையால் ஒரு முறை செய்யுங்கள். அனுமதி கேட்டு வீடியோவும் எடுத்துக்கொள்ளலாம், எங்கள் முகம் வேண்டாம், கையை மட்டும். மொழி புரியாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள். இந்த ஊர் வார்டுகளில் கன்னடம், தமிழ், மலையாளம், இந்தி எல்லாம் கலந்து பேசுகிற ஒரு சிஸ்டராவது இருப்பார். பத்து வயதுப் பையனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவனுக்குப் புரிந்ததை மட்டும் சொல்வான், அப்பாவுக்குப் பிடிக்காததை விட்டுவிடுவான்.

ஜூன் 23, காலை 7.15

போட்ட இன்சுலின் ஊசியை எங்கே போடுவது என்று யாரும் கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். குப்பைக் கவரில் அப்படியே போடாதீர்கள். காலையில் அதைக் கையால் பிரிப்பவர் பௌரகார்மிகர், அதாவது துப்புரவுப் பணியாளர். மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வையுங்கள், நிறைந்ததும் ஓபிக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்தால் எங்கள் கழிவோடு போய்விடும். வாங்க மறுக்கும் இடங்களும் உண்டு. அப்படியானால் வார்டு சிஸ்டரைக் கேளுங்கள், கவுண்டரில் கேட்காதீர்கள்.